விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ட்ரோன்: அமெரிக்காவின் லான்ஸ் சேவை எப்படி இருக்கிறது?

"ஏர்போர்ட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டாப் போதும்" என்று அமெரிக்காவில் பொழுதுபோக்காக ட்ரோன் விடுபவர்களில் சிலர் இன்னமும் சொல்கிறார்கள். அது 2012 சட்டத்தின் கதை. 5 மைலுக்குள் விமான நிலையம் இருந்தால் அதன் நிர்வாகத்துக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரமான டவருக்கும் தகவல் சொல்லிவிட்டுப் பறக்கலாம் என்றிருந்தது. 2018 அக்டோபரில் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். விமானப் போக்குவரத்தைத் தரையிலிருந்து கட்டுப்படுத்தும் கட்டுப்பாட்டு வான்வெளியில் இப்போது தேவைப்படுவது தகவல் இல்லை, முன் அனுமதி. அதை டவருக்கு போன் செய்து வாங்க முடியாது. அதைத் தருவது அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் லான்ஸ் என்ற தானியங்கிச் சேவை. அது 2019 ஜூலையிலிருந்து பொழுதுபோக்காளர்களுக்கும் திறந்திருக்கிறது. கட்டணம் கிடையாது.

பழைய 5 மைல் வட்டத்தை மறந்துவிடுங்கள். நிற்கும் இடம் கட்டுப்பாட்டு வகைகளான பி, சி, டி வான்வெளியா, தரையைத் தொடும் இ வான்வெளியா என்பதுதான் கேள்வி. டவர் இல்லாத சிறு ஓடுதளத்தைச் சுற்றி கட்டுப்பாடில்லாத ஜி வான்வெளி என்றால் அனுமதி வேண்டாம். விமானத்துக்கு வழிவிட வேண்டும். நம்மவர்கள் நிறைய வசிக்கும் சிலிக்கான் பள்ளத்தாக்கில் நிலைமை வேறு. சான் ஹோசே, மொஃபெட், பாலோ ஆல்டோ, ரீட்-ஹில்வியூ விமான நிலையங்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காகூட ஏதாவது ஒன்றின் எல்லைக்குள் வந்துவிடும்.

முதலில் டிரஸ்ட் என்ற இலவசப் பாதுகாப்புத் தேர்வை எழுதிச் சான்றிதழை வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் 250 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் 5 டாலருக்கு மூன்று ஆண்டுப் பதிவும், பறக்கும்போது ட்ரோனின் அடையாளத்தை ஒலிபரப்பும் ரிமோட் ஐடியும் வேண்டும். 249 கிராம் மினி வைத்திருப்பவர்களே, உங்களுக்குப் பதிவிலிருந்துதான் விலக்கு, வான்வெளி அனுமதியிலிருந்து இல்லை. அதிகம் பேர் தவறாக நினைப்பது இதைத்தான்.

அலாஃப்ட் போன்ற, எஃப்.ஏ.ஏ. ஏற்றுக்கொண்ட ஒரு செயலியைப் போட்டுக்கொண்டால் வேலை எளிது. வரைபடத்தில் இடத்தைத் தொட்டு, வட்டம் வரைந்து, பொழுதுபோக்கு என்று தேர்ந்தெடுத்து, உயரம், நேரம், போன் எண் கொடுத்தால், பெரும்பாலும் சில நொடிகளில் அனுமதி எண்ணோடு பதில் வந்துவிடுகிறது. எந்தச் செயலியில் கேட்டாலும் அடியில் இருப்பது ஒரே எஃப்.ஏ.ஏ. தரவுதான், வரைபடம் கைக்கு வசதியாக இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கேட்டும் கிடைக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் அந்த வட்டம். வான்வெளி கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் 0, 50, 100 என்று 400 அடி வரை உச்ச உயரம் எழுதியிருக்கும். வழக்கமான கட்டம் வடக்கு தெற்காக ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். நீங்கள் 200 கட்டத்தின் நடுவில் நின்றாலும், வட்டத்தின் ஓரம் 50 கட்டத்தை உரசினால் மொத்த அனுமதியும் 50 அடிக்கு இறங்கிவிடும். 0 கட்டத்தைத் தொட்டால் தானாக அனுமதி வராது. செயலி முதலில் காட்டும் அளவிலேயே விடாமல், உண்மையில் பறக்கப்போகும் இடம் மட்டும் அடங்கும்படி வட்டத்தைச் சுருக்குங்கள்.

அடுத்தது உயரம். கட்டத்தில் இருக்கும் எண், ட்ரோனுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து கணக்கு. ரிமோட் திரை காட்டுவதோ கிளம்பிய இடத்திலிருந்து. 100 அடி மேட்டில் நின்று கிளப்பி, திரையில் 190 காட்டும்போது பள்ளத்துக்கு மேலே போனால் நிஜ உயரம் 290. 200 அடி அனுமதி மீறப்பட்டுவிட்டது, திரையில் ஒன்றும் தெரியாது. மேட்டிலிருந்து கிளப்பினால் அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ட்ரோன் மேலே எழும்புவதே அனுமதி என்றும் நினைக்க வேண்டாம். ட்ரோன் தயாரிப்பு நிறுவனமான டி.ஜே.ஐ. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் விமான நிலையம் அருகே ட்ரோன் எழும்பாமல் தடுத்த தன் மென்பொருள் பூட்டுகளை எடுத்துவிட்டு எச்சரிக்கை மட்டும் காட்டுகிறது. அபராதம் ஒரு மீறலுக்கு 75,000 டாலர் வரை போகலாம்.

சேவையில் எங்களுக்கு உள்ள பெரிய குறை: கட்டத்தின் உச்சத்துக்கு மேலே பறக்க, தொழில்முறையாக ட்ரோன் விடுவதற்கான பார்ட் 107 உரிமம் உள்ளவர்கள் லான்ஸிலேயே விண்ணப்பிக்கலாம், பொழுதுபோக்காளர்களுக்கு அந்த வழி இல்லை. அவர்கள் எஃப்.ஏ.ஏ.வின் ட்ரோன்சோன் இணையதளத்தில் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். லான்ஸில் சேராத விமான நிலையங்களுக்கும் அதே வழிதான். இது சரிசெய்யப்பட வேண்டும். மற்றபடி, ஐந்தாறு இடங்களுக்கு போன் போட்டுக்கொண்டிருந்த காலத்தோடு பார்த்தால் பெரிய முன்னேற்றம், தயங்காமல் பரிந்துரைக்கிறோம்.

90 நாள் முன்பே அனுமதி வாங்கி வைக்கலாம். போகும் இடத்தில் சிக்னல் இருக்காது என்றால் வீட்டிலேயே வாங்கிவிடுங்கள். ஆனால் அதற்குப் பிறகு தற்காலிகத் தடை வந்தால் கையிலுள்ள அனுமதி செல்லாது. 30,000 பேரோ அதற்கு மேலோ அமரக்கூடிய அரங்கில் பெரிய லீக் பேஸ்பால் ஆட்டம் என்றால், தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை அரங்கிலிருந்து 3 கடல் மைல் தூரத்துக்குள் பறக்கக் கூடாது. கிளம்புவதற்குச் சற்று முன் தடைகளை மறுபடி பாருங்கள். டவர் அனுமதியை ரத்து செய்தால் கொடுத்த எண்ணுக்குத்தான் செய்தி வரும் என்பதால், பறக்கும்போது போனை சைலன்ட்டில் போடாதீர்கள்.