போதைமீட்பு ஆலோசகர் உரிமத்துக்கான இணையவழிப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

போதைமீட்பு ஆலோசகராக உரிமம் பெற விரும்புவோருக்கென நடத்தப்படும் இந்த இணையவழிப் பயிற்சியை அண்மையில் முடித்தேன். இதன் உண்மையான பலம், ஊக்கமூட்டும் நேர்காணல் முறையைக் கற்பிக்கும் விதம். 1983இல் உளவியலாளர் வில்லியம் மில்லர் முன்வைத்த இம்முறையில் ஆலோசகர் வாதிட்டு வற்புறுத்துவதில்லை. மாறுவதற்கான காரணங்களை எதிரில் இருப்பவரே தம் வாயால் சொல்லும்படி கேள்விகளை அமைக்கிறார். இதை விளக்கத்தோடு நிறுத்தாமல், மாணவர்களின் ஒத்திகை உரையாடல்களைப் பதிவுசெய்து, கேட்பதை விட்டுவிட்டு அறிவுரைக்குத் தாவும் இடங்களை ஆசிரியர்கள் வரிவரியாகச் சுட்டிக்காட்டுகிறார்கள். கட்டணத்துக்கு இது ஒன்றே ஈடு என்பேன்.

ஒருவரின் குடிப்பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று கண்டறிய உதவும், உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விகள் கொண்ட ஆடிட் (AUDIT) வினாப்பட்டியலையும் நன்றாகப் பழக்குகிறார்கள். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், அவரைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்ற பாடத்துக்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது. மாதிரித் தேர்வுத் தாள்கள் பரவாயில்லை.

உரிமத்துக்குத் தேவையான, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டிய பணிநேரத்தை இவர்கள் ஏற்பாடு செய்து தருவதில்லை என்பதே பெரிய குறை. விதிகள் இடத்துக்கு இடம் மாறுவதால், உங்கள் பகுதியின் உரிம அமைப்பு இப்பயிற்சியை ஏற்குமா என்று எழுத்துமூலம் கேட்டறிந்த பிறகே பணம் கட்டுங்கள்.