லிச்செஸ் ஸ்டடி: மார்ஷலின் 1918 ஆட்டத்தைப் பிரித்துப் படிக்க

லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் ஆட்டங்களைக் குறிப்புகளோடு சேமித்துப் படிக்கும் வசதிதான் 'ஸ்டடி': காசு இல்லை, விளம்பரம் இல்லை, ஒரு ஸ்டடிக்கு 64 சாப்டர் வரை. ஒரே ஒரு பழைய ஆட்டத்தை ஆழமாகப் படிக்க இதற்கு மேல் எதுவும் வேண்டாம். நியூயார்க், 1918: கபபிளாங்கா வெள்ளை, மார்ஷல் கறுப்பு. ரூய் லோபஸ் என்ற தொடக்கத்தில், 8-வது மூவில் மார்ஷல் டி5 தள்ளி, இ5 சிப்பாயைப் பலி கொடுத்த ஆட்டம்.

லிச்செஸின் மாஸ்டர்ஸ் டேட்டாபேஸில் (வலுவான ஆட்டக்காரர்களின் ஆட்டத் தொகுப்பு) இதைத் தேட வேண்டாம். அங்கே 1952 முதலான ஆட்டங்கள்தான். பிஜிஎன்னை (ஆட்டத்தின் மூவ்களை எழுதிவைக்கும் உரை வடிவம்) வெளியிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். கம்ப்யூட்டர் அனாலிசிஸை 'யாருக்கும் வேண்டாம்' என்று வையுங்கள். இன்ஜின், அதாவது செஸ் கணிக்கும் நிரல், யாருக்கு எவ்வளவு சாதகம் என்ற எண்ணைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது.

முதல் சுற்றுக்கு 'அடுத்த மூவ்களை மறை' முறை. 15-வது மூவில் கறுப்புக் குதிரை எஃப்2-இல் வெட்டியதும் நிறுத்துங்கள். வெள்ளை ராணி குதிரையை வெட்டினால் என்ன? உடனே பிஷப் ஜி3 போனால் கறுப்பு தொலைந்தது: ராணி எஃப்7 செக், யானை வெட்ட, வெள்ளை யானை இ8-இல் மேட். பி3-இல் உள்ள வெள்ளை பிஷப் எஃப்7 யானையை அதன் ராஜாவோடு கட்டிப்போட்டிருப்பதால் அது குறுக்கே வர முடியாது. முதலில் பிஷப் எச்2 செக், ராஜா எஃப்1, பிறகு ஜி3 என்றால் அதே ராணி பலி பலிக்காது; யானை எஃப்7-இல் வெட்டும்போதே வெள்ளை ராஜாவுக்குச் செக். எச்2-இல் ராஜா வெட்டினால் ராணி போயிற்று. கபபிளாங்கா ராணியால் வெட்டாமல் யானையை இ2-க்கு நகர்த்தியது இதனால்தான். இந்தக் கிளையை வேரியேஷனாக (மாற்று வரிசையாக) சேர்த்து அம்புக்குறி போட்டுவைத்தால் மறக்காது.

'இன்டராக்டிவ் லெசன்' முறையில் ஒரு வில்லங்கம். மெயின் லைனை (சாப்டரின் முதன்மை வரிசையை) மட்டுமே சரி என்று ஏற்கும். 11-வது மூவில் மார்ஷல் குதிரையை எஃப்6-க்கு இழுத்தார். இன்று ஆடுவது சி6, குதிரை டி5-இலேயே நிற்கும். மாணவர் சி6 ஆடினால் 'தவறு' என்று வரும்! சி6-ஐ மெயின் லைனாக்கித் தனிச் சாப்டர் போடுங்கள்.

ஒவ்வொரு மூவும் எத்தனை ஆட்டங்களில் வந்தது, வெற்றிச் சதவீதம் என்ன என்று காட்டும் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரை 8-வது மூவில் திறந்தால் வெள்ளை ஏ4, எச்3 என்று மார்ஷலின் பலியைத் தவிர்த்து நழுவுவதும் தெரியும். மார்ஷலின் பழைய வரிசையில் உள்ளே போகப் போக ஆட்டங்கள் குறைந்துகொண்டே போகும். அங்கே சதவீதத்தை நம்பாதீர்கள்.