ஒற்றைக்காலில் நின்றால் போதுமா?

உப்புவெளிக் கடற்கரையில் உதைபந்து விளையாடும்போது இன்னொரு பையனின் தலையோடு மோதி விழுந்தான் என் அக்காவின் மகன். வைத்தியர் மூளை அதிர்ச்சி என்று சொல்லி, ஓய்வெடுக்கச் சொன்னார். நான்காம் நாள் கண்ணை மூடி, இடுப்பில் கைவைத்து, ஒற்றைக்காலில் அசையாமல் நின்று காட்டினான். "பாருங்கள் மாமா, எனக்கு ஒன்றுமில்லை." அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவன் முகம் வெளிறி, கடைப்பலகைகள் நீந்துகின்றன என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவன் நின்று காட்டியது, மூளை அதிர்ச்சிக்குப் பின் சமநிலையை அளக்கும் 'பெஸ்' சோதனையின் ஒரு துண்டு. இரு கால் சேர்த்து, பந்து உதைக்காத காலில் மட்டும், ஒரு பாதத்தின் பின்னால் மறு பாதம் வைத்து என மூன்று நிலைகள். தரையிலும் பஞ்சு மெத்தையிலுமாக ஒவ்வொன்றுக்கும் 20 செக்கன். கண் திறந்தாலோ, கை விலகினாலோ, கால் தடுமாறினாலோ ஒரு பிழை. செலவில்லை, மைதான ஓரத்திலேயே செய்யலாம். ஆனால் களைப்பும் கணுக்கால் சுளுக்கும் பிழைகளைக் கூட்டிவிடும். மெத்தை இல்லையென்று நம் கடற்கரை மணலில் நிற்க வைக்காதீர்கள், அளவே மாறிவிடும். பெரிய குறை வேறு: இந்தத் தடுமாற்றம் பலருக்கு மூன்று முதல் ஐந்து நாளில் மறைந்துவிடுகிறது, நோய் மறையாவிட்டாலும்.

பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட 'வோம்ஸ்' சோதனை காலைப் பார்ப்பதில்லை. கண்ணும் உட்காதின் சமநிலை உறுப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறது. ஒரு பயிற்சியில், எதிரே உள்ள எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல், நிமிடத்துக்கு 180 தாளத்தட்டு வேகத்தில் தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், மந்தம் நான்குக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்பார்கள். எழுத்தை மூக்கை நோக்கிக் கொண்டுவரும்போது 5 சென்ரிமீற்றரிலோ அதற்கு அப்பாலோ இரண்டாகத் தெரிந்தால் கோளாறு. இவனுக்கு 9இல் இரண்டானது. ஆனால் இது பிள்ளை சொல்வதை நம்பியே நடக்கும் சோதனை. ஆட்டத்துக்குத் திரும்பத் துடிப்பவன் மறைத்துவிடலாம். அடிபட்ட பிள்ளையிடம் தனியாக, அணியினர் இல்லாத இடத்தில் கேளுங்கள்.

முதல் நாளுக்கு 'பெஸ்', மூன்றாம் நாளுக்குப் பின் 'வோம்ஸ்' என்பேன் நான். வாந்தி தொடர்ந்தாலோ தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ இரண்டும் வேண்டாம், நேரே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பந்தை மீண்டும் தொடுவதற்கு இரண்டு சோதனையும் தேறியிருக்க வேண்டும், வைத்தியரும் சம்மதிக்க வேண்டும். இவன் இன்னும் காத்திருக்கிறான். எழுத்து நேற்று 6க்கு வந்திருக்கிறது.