அரசியல் பேசலாம், கடன் சொல்லக் கூடாது

டீக்கு 4 ஸ்டார், கச்சாயத்துக்கு 5, பெஞ்சுக்கு 2 (ஒரு கால் ஆடும், சூடான டம்ளரோடு கவனமில்லாமல் உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும்). பேச்சுக்கு எத்தனை போடுவது என்று தெரியவில்லை, அதைச் சொல்லப் போய்த்தான் இது இவ்வளவு நீளமாகிவிட்டது. டீ எப்படி என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் அடுத்த இரண்டு பத்தியோடு கிளம்பிவிடலாம்.

திருப்பூரில் அனுப்பர்பாளையம் பக்கம், பாத்திரப் பட்டறைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் நடுவில், வேப்பமரத்தடியில் இருக்கிறது கடை. பெயர்ப்பலகை உண்டு, ஆனால் இப்படி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் கடைக்கார அண்ணன் "பேரெல்லாம் போட வேண்டாங்க, அப்புறம் நாலு பேரு வந்து நீ எந்தக் கட்சின்னு கேப்பாங்க" என்றார். சரி, போடவில்லை. அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு வேப்பமரம் என்றாலே தெரிந்துவிடும்.

பாய்லர் பித்தளை, இதே ஊர்ப் பட்டறையில் அடித்ததாம், வயிற்றில் ஒரு நெளிவு இருக்கிறது. டிகாஷனை மாஸ்டர் காலையில் இரண்டு தடவை மாற்றிவிடுவார், அதனால் 7 மணிக்கும் 9 மணிக்கும் ஒரே ருசி. 11 மணி டீ டைமுக்குக் கம்பெனிப் பையன்கள் தூக்குவாளியோடு வரிசை கட்டுவார்கள், அந்த நேரத்தில் மட்டும் போகாதீர்கள், டீ தண்ணியாக இருக்கும். சர்க்கரை கம்மி என்று கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும், போட்ட பிறகு சொன்னால் முறைப்பார். கச்சாயம் காலையில் மட்டும், வெல்லம் நன்றாக இறங்கி ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். சாயங்கால உருளைக்கிழங்கு போண்டா சுமார்தான், மசாலாவை விட மாவு ஜாஸ்தி.

இனி பேச்சுக்கு வருகிறேன். நம் ஊர் டீக்கடையிலும் சலூனிலும் இரண்டு போர்டு தவறாமல் தொங்கும். ஒன்று 'கடன் அன்பை முறிக்கும்', இன்னொன்று 'இங்கு அரசியல் பேசாதீர்'. இந்தக் கடையில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவதும் ஒரு காலத்தில் இருந்தது, ஒரு காற்று மழையில் விழுந்ததை அண்ணன் திரும்ப மாட்டவில்லை. கொள்கை கிள்கை எல்லாம் இல்லை, "போர்டு இருந்தப்பவும் பேசிட்டுத்தான இருந்தாங்க" என்கிறார். இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் 1675 டிசம்பரில் காப்பிக் கடைகளையே மூடச் சொல்லி ஆணை போட்டான், அங்கே உட்கார்ந்துகொண்டு அரசாங்கத்தைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்புகிறார்கள் என்று. ஜனவரி பத்தாம் தேதி அமலுக்கு வர வேண்டியது, எதிர்ப்பைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் முன்பே வாபஸ் வாங்கிக்கொண்டான். ராஜாவாலேயே ஆகவில்லை, தகர போர்டு என்ன செய்யும்.

பேப்பர் ஐந்து வருகிறது. தினத்தந்தி, தினமலர், தினகரன், இந்து தமிழ் திசை, அப்புறம் திருப்பூர் என்பதால் மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிர். ஏழேகால் ஆனால் எந்தப் பேப்பரும் முழுசாக இருக்காது, தாள் தாளாகப் பிரிந்து பெஞ்சு முழுக்கக் கை மாறும், நீங்கள் படிக்கிற தந்தியின் நாலாம் பக்கத்துக்கு அடுத்து தீக்கதிரின் ஏழாம் பக்கம் வரும். ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தந்தியை ஆரம்பித்தபோது எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிய வேண்டும் என்று நினைத்தார் என்பார்கள், அந்த நினைப்பு இன்றைக்கும் நடப்பில் இருப்பது இந்த மாதிரி பெஞ்சுகளில்தான், ஒருவர் சத்தமாகப் படிக்க மூன்று பேர் கேட்கிறார்கள். சட்டசபையில் நடந்த ஒரே சண்டை ஒரு பேப்பரில் முதல் பக்கத்தில் எட்டுப் பத்தி, இன்னொன்றில் உள்ளே தங்கம் விலைக்குக் கீழே நாலு வரி. வீட்டில் ஒரே பேப்பர் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சுவாரசியம் கிடைக்காது. நான் மெர்ச்சண்டைசர், ஒரே துணியை மூன்று பையருக்கு (ஆர்டர் கொடுத்து வாங்குகிறவர்கள்) மூன்று விதமாகப் பேசி விற்பவள், எனக்கு இதெல்லாம் பார்த்ததும் புரிந்துவிடும்.

முன்பு டிவியும் இருந்தது. ராத்திரி விவாத நிகழ்ச்சி ஓடும், நாலு கட்டத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், கீழே சிவப்பு எழுத்தில் 'ஆபத்தில் தமிழகம்?' என்று கேள்விக்குறி போட்டு ஒரு வரி ஓடும். அந்தக் கேள்விக்குறி சும்மா ஒரு ஜாமீன்தான், நாளைக்கு யாராவது கேட்டால் நாங்கள் கேள்விதானே கேட்டோம் என்று சொல்லிக்கொள்ள. அண்ணன் டிவியைக் கழற்றியதற்குக் காரணம் வேறு. டிவி கத்தும்போது பெஞ்சில் யாரும் பேசுவதில்லை, பேசாதவர்கள் இரண்டாவது டீ சொல்வதில்லை. கணக்குப் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டார்.

2023 மார்ச் முதல் வாரத்தைச் சொல்ல வேண்டும், நான் இந்தக் கடைக்கு ஸ்டார் போடுவதே அந்த ஒரு வாரத்துக்காகத்தான். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பரவின. சில இந்திப் பேப்பர்களும் அதை அப்படியே செய்தியாகப் போட்டன, பீகார் சட்டமன்றத்தில் அமளி, செய்தித்தாளில் பார்த்தேன் என்று சொல்லி முதல்வர் நிதிஷ் குமாரே ட்விட்டரில் கவலைப்பட்டார். அப்போதைய நம் டிஜிபி சைலேந்திரபாபு உடனே மறுத்து வீடியோ வெளியிட்டார். ஒன்று பீகார்த் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாக அடித்துக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்தது, இரண்டிலும் தமிழர் பீகாரி சண்டையே இல்லை என்றார். ஆனால் மறுப்பு நடந்து வந்தது, வீடியோ ரயிலேறிப் போய்விட்டது.

கடைக்கு வெளியே, மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றே டீ குடிக்கிற பையன்கள் ஏழெட்டுப் பேர் உண்டு, பீகார், ஜார்க்கண்ட் பக்கம். அந்த வாரம் ஒருவரும் வரவில்லை. ஒரு நாள் காலையில் ஒரே ஒரு பையன் வந்தான், பக்கத்துக் கம்பெனியில் கைமடிக்கிறவன், பத்தொன்பது இருபது வயது இருக்கும். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே நின்றான். என்னடா என்று கேட்டதற்கு அம்மா போன் பண்ணி அழுகிறது, ஊருக்கு வரச் சொல்கிறது என்று போனை நீட்டினான். வீடியோவைப் பெஞ்சே குனிந்து பார்த்தது. பட்டறையில் ஈயம் பூசி ஓய்ந்த பெரியவர் ஒருவர், எல்லோரும் அவரை ஐயா என்போம், அவர்தான் ஆரம்பித்தார்.

"இது எங்க நடந்துச்சாம்?"

"தமிழ்நாட்டுல."

"தமிழ்நாட்டுல எங்க?"

"திருப்பூர்ல."

"திருப்பூர்லதான கண்ணு நீ இருக்கற. நீ பாத்தியா?"

"இல்ல ஐயா. அம்மா டிவில பாத்தாங்க."

யாரோ சிரித்தார்கள், பையனும் கொஞ்சம் சிரித்தான். திருப்பூரில் நடந்ததைத் திருப்பூரில் இருக்கிறவனுக்குப் பீகாரில் இருந்து போன் போட்டுச் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை, தீக்கதிர் கொண்டுவருகிற அண்ணன் (84-ல் 127 நாள் நடந்த பஞ்சப்படி வேலைநிறுத்தத்தில் இருந்தவர்) கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஜனவரில வந்த வீடியோவ இந்தப் பெஞ்சுல எத்தன பேரு பார்வேர்ட் பண்ணீங்க?" என்று கேட்டார்.

உண்மைதான். அதே வருஷம் ஜனவரிக் கடைசியில் எங்கள் ஊர் வீடியோ ஒன்று சுற்றியது, வடமாநிலத்தார் கும்பலாகச் சேர்ந்து தமிழர்களை விரட்டுகிற மாதிரி. ஏதோ சில்லறைத் தகராறு என்று போலீஸ் சொன்னது. நாங்கள் காதில் வாங்கவில்லை. 'இனி நாம் எங்கே போவது' என்று தலைப்பு வைத்து எனக்கு மூன்று குரூப்பில் வந்தது, அதில் ஒரு குரூப்பில் நானும் தள்ளிவிட்டேன். அப்போது பெஞ்சில் ஒருவர்கூட எங்கே எப்போது என்று கேட்கவில்லை. மார்ச்சில் மட்டும் எங்களுக்கு எப்படி இவ்வளவு புத்தி வந்தது? பயப்படுகிறவன் எங்கள் எதிரில் டீ டம்ளரோடு நின்றான், அவ்வளவுதான். ஜனவரியில் அந்தப் பையன்கள் மரத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்கள், யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அந்தப் பையன் தங்கிவிட்டான், எல்லாம் சுபம் என்றால் நன்றாகத்தான் இருக்கும். அவன் அந்த வாரமே ரயிலேறிவிட்டான். மார்ச் 8 ஹோலி, எப்படியும் ஊருக்குப் போகிற சீசன், அந்தப் பண்டிகைக் கூட்டத்தைக்கூட உயிருக்குப் பயந்து ஓடுகிற கூட்டம் என்று படம் காட்டினார்கள். அவன் போனது ஹோலிக்கா பயத்துக்கா என்று எங்களுக்கும் தெரியாது, அவனுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். பீகாரில் இருந்து நால்வர் அதிகாரிகள் குழு வந்து திருப்பூரிலும் கோவையிலும் விசாரித்துவிட்டுப் போனது, அதை நடத்தி வந்தவரே பாலமுருகன் என்கிற தமிழ்ப் பெயர்க்காரர், பீகார் அரசின் ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளர். ஏப்ரல் நடுவில் பையன் திரும்பி வந்தான். இப்போது பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிறான், ஆடுகிற கால் பக்கம்.

அப்புறம் நடந்த சண்டை இன்னும் பெரிது. அந்த வீடியோ வழக்கில் மணீஷ் காஷ்யப் என்கிற பீகார் யூடியூபரைப் பிடித்து வந்து, ஏப்ரலில் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையும் போட்டார்கள் இல்லையா. ஐயாவுக்கு ஒரே சந்தோஷம், அவர் கொடி பிடித்த கட்சி ஆட்சி. தீக்கதிர் அண்ணனுக்கு ஒப்பவில்லை. பொய்க்குக் கேஸ் போடு, நிரூபி, தண்டனை வாங்கிக் கொடு, விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கிற சட்டம் எதற்கு, நாளைக்கு அதே சட்டம் உன் பேப்பர்க்காரன் மேல் பாயாதா என்றார். ஐயா பழைய கதையை எடுத்தார். எமர்ஜென்சி நேரம், 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள், மிசா சட்டத்தில் ஆள் ஆளாக உள்ளே போனார்கள், கைதானவர்கள் பெயரைப் போட தணிக்கை விடவில்லை, பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள் வந்தது, அண்ணா நினைவிடத்தில் மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் பட்டியல் என்று முரசொலியில் வெளியிட்டார் கலைஞர், ஊரே புரிந்துகொண்டது. இதை அவர் நூறு தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் 'வர இயலாதவர்கள்' என்கிற இடத்தில் குரலை இறக்குவார்.

தீக்கதிர் அண்ணன் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப மிசால என்ன சொல்லிப் புடிச்சாங்கய்யா? நாட்டுப் பாதுகாப்புன்னுதான?" என்றார். ஐயா பதிலே சொல்லவில்லை, காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அயர்ன் காண்ட்ராக்ட் எடுக்கிற தாமரைக்கார அண்ணன் ஒருவர் இதுதான் சாக்கென்று குதித்தார், அவரையும் விடவில்லை, உத்தரப் பிரதேசத்தில் உங்கள் கட்சிப் பேச்சாளர், வக்கீல் வேறு, அவர் இதே பொய்யைப் பரப்பிப் போட்ட ட்வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டே சொன்னதே என்று கேட்டார்கள். அவர் இன்னொரு கச்சாயம் வாங்கிக்கொண்டார். நவம்பரில் ஐகோர்ட் மதுரைக் கிளை அந்தத் தேசியப் பாதுகாப்புச் சட்டக் காவலை ரத்து செய்தது. செய்தியைத் தினத்தந்தியில் சத்தமாகப் படித்தவர் ஐயாதான், படித்து முடித்துவிட்டு மூன்று டீக்குக் காசு கொடுத்தார். அது தோல்வியை ஒத்துக்கொண்டதா, இல்லை அன்றைக்குப் பென்ஷன் வந்ததா என்று இன்றுவரை தகராறு இருக்கிறது.

சரி, குறைகளும் இருக்கிறது. டம்ளரை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள், பேப்பர் கப் கேட்டு வாங்குங்கள். சத்தம் சில நாள் தாங்காது. இதையெல்லாம் விடப் பெரிய குறை, பெஞ்சில் பெண்களே கிடையாது. செக்கிங்கில் வேலை பார்க்கிற அக்காமார்கள் இருபது முப்பது பேர் இதே கடை டீதான் குடிக்கிறார்கள், பிளாஸ்க்கில் வாங்கிக்கொண்டு போய்க் கம்பெனிப் படிக்கட்டில் உட்கார்ந்து. ஊர் நியாயம் அத்தனையும் அலசுகிற பெஞ்சில் பாதி ஊர் இல்லை, அது அங்கே யாருக்கும் உறைத்த மாதிரியும் தெரியவில்லை. நானே முதல் ஆறு மாதம் பார்சல் வாங்கி ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு போனவள்தான். முதல் நாள் உட்கார்ந்தபோது பேச்சு டக்கென்று நின்று வானிலைக்கு மாறியது, ஐயா மட்டும் நகர்ந்து இடம் விட்டார். ஒரு மாதம் கழித்து ஒரு பையர் பணப் பாக்கி வைத்து எங்களை ஏமாற்றிய கதையைச் சொன்னபோதுதான் என்னையும் குறுக்கே பேசி மறுத்தார்கள், அன்றைக்குத்தான் நிஜமாகவே உட்கார்ந்த மாதிரி இருந்தது. போன வாரம் எங்கள் செக்கிங் சூப்பர்வைசர் அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். அரை டீ குடித்தார், பஸ் கட்டணத்தைப் பற்றி ஐயா சொன்ன ஒரு கணக்கைத் தப்பு என்றார், மீதி டீயைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நாளைக்கும் வருவாரா என்று கேட்டேன், பெஞ்சுக் காலுக்கு முட்டுக் கொடுக்கச் சொல்லுங்க, பார்க்கலாம் என்றார்.

டீ 15, கச்சாயம் 10. ஞாயிறு மத்தியானம் வரைதான். ஜிபே உண்டு, ஆனால் சில்லறையாகக் கொடுத்தால் மாஸ்டர் கொஞ்சம் நுரை கூடுதலாக ஆற்றித் தருவார்.