பூனைக்குத் தெள்ளும் புழுவும்: பவுடர், சொட்டு மருந்து, மாத்திரை, எது எந்தப் பூனைக்கு?

திருநெல்வேலிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்து, தரையில் ஈரம் தங்க ஆரம்பித்ததும் பூனைகள் சொறியத் தொடங்கிவிடும். கடைக்குப் போய் "பூனைக்குத் தெள்ளுப்பூச்சி, மருந்து இருக்கா?" என்று கேட்டால் பல இடங்களில் நாய்க்கான பவுடர் டப்பாவைத்தான் எடுத்துத் தருகிறார்கள். வயிற்றுப் புழுவுக்குக் கேட்டால் அதற்குத் தனியாக ஒரு மாத்திரை. இந்த இரண்டையும் தனித்தனி வியாதியாக நினைத்து மருந்து கொடுப்பதில்தான் கோளாறு. பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது தெள்ளையும் சேர்த்து விழுங்குகிறது. அந்தத் தெள்ளின் உடம்புக்குள் நாடாப்புழுவின் இளம்பருவம் இருந்தால், இரண்டு மூன்று வாரத்தில் பூனையின் வாலடியில் அரிசி அரிசியாக ஏதோ ஒட்டியிருக்கும், அசையவும் செய்யும். மாத்திரை கொடுத்து அந்தப் புழுவைக் கொன்றுவிட்டுத் தெள்ளை விட்டுவைத்தால் அடுத்த மாதம் மறுபடி அதே அரிசி. எந்த மருந்து உசத்தி என்பதை இதை மனத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பவுடர். விலை குறைவு, எங்கும் கிடைக்கும், தூவினால் வேலை முடிந்தது. அதற்குமேல் அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பூனை நாள் முழுக்க ரோமத்தை நக்கும் பிராணி. தூவியதில் பாதி வயிற்றுக்குள்தான் போகும். நாய்க்கான பவுடர், ஷாம்பு, சொட்டு மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. சில மணி நேரத்திலேயே தசை துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், கவனிக்காவிட்டால் செத்துப்போகும். பால்மாடு வைத்திருக்கும் வீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மாட்டு உண்ணிக்கு வாங்கிய சைபர்மெத்ரினோ டெல்டாமெத்ரினோ தொழுவத்தில் இருக்கும். "தண்ணி நிறைய ஊத்திக் கலக்குனா ஒண்ணும் ஆவாது" என்று அதைப் பூனைமேல் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவையும் பெர்மெத்ரின் குடும்பம்தான். தயவுசெய்து வேண்டாம். தெரியாமல் தேய்த்துவிட்டிருந்தால், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

சொட்டு மருந்துக்கு வருவோம். பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், ரோமத்தை விலக்கித் தோலில் படும்படி விடுவது. இதில் உண்மையான போட்டி ஃபிப்ரோனிலுக்கும் செலாமெக்டினுக்கும் இடையில்தான்.

ஃபிப்ரோனில் தோலின் எண்ணெய்ப் பசையில் கலந்து உடம்பெங்கும் பரவுகிறது. மேலே இருக்கும் தெள்ளு சுமார் ஒரு நாளில் செத்துவிடும், காவல் ஒரு மாதம் நிற்கும். எண்ணெய்ப் பசையை நம்பிய மருந்து என்பதால், போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. 8 வாரமும் ஒரு கிலோவும் தாண்டிய பூனைக்குத்தான் போடலாம். வயிற்றுப் புழு எதையும் இது தொடாது. முயல் வளர்க்கும் வீடாக இருந்தால் கவனம்; ஃபிப்ரோனில் முயலைக் கொன்றுவிடும்.

செலாமெக்டின் தோல்வழியாக இரத்தத்துக்குப் போகிறது. அதனால் வேலை விரிகிறது: தெள்ளு, காதுக்குள் காபிப்பொடி நிறத்தில் அழுக்குச் சேர்க்கும் சிற்றுண்ணி, உருளைப்புழு, கொக்கிப்புழு எல்லாவற்றுக்கும் ஒரே சொட்டு. நாடாப்புழுவுக்கு மட்டும் கேட்காது. விலை கூடுதல், எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். வீட்டுக்குள்ளும் வெளியிலும் திரிகிற ஒன்றிரண்டு பூனை உள்ளவர்கள் இதை எடுத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். மாத்திரையைக் கண்டாலே பரணில் ஏறிக்கொள்ளும் பூனைக்கு இது பெரிய உதவி. நாலைந்து பூனை இருந்தால் ஃபிப்ரோனிலும் அதே நாளில் பல வகை வயிற்றுப் புழுவுக்கும் சேர்ந்த மாத்திரையும் கட்டுப்படியாகும்.

கழுத்துப்பட்டை எனக்குப் பிடிக்காது. மதில் தாவி, முருங்கைமரம் ஏறும் பூனை அதில் மாட்டிக்கொண்டு தொங்கிவிடும் பயம். இழுத்தால் தானாக அவிழும் பட்டை கிடைத்தால் யோசிக்கலாம்.

8 வாரம் ஆகாத குட்டிகளின் கதை வேறு. குட்டியின் உடம்பில் இருக்கும் இரத்தமே கொஞ்சம். தெள்ளு மொய்த்துக் குடித்தே குட்டியைச் சாகடித்துவிடும். ஈறு வெளுத்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். இதற்கு நம்மிடம் இருப்பதில் சிறந்த கருவி பேன்சீப்பு. வாரியெடுத்து, சோப்புத் தண்ணீரில் முக்க வேண்டும். விரலால் நசுக்கித் தள்ளினால் தப்பித்துவிடும். தெள்ளா வெறும் அழுக்கா என்று சந்தேகம் வந்தால், சீப்பில் வந்த கறுப்புத் துகளை ஈரப் பஞ்சில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, குட்டியின் இரத்தம். ஃபிப்ரோனில் ஸ்ப்ரே குட்டிகளுக்கும் உண்டு. ஆனால் அளவு டாக்டர் சொல்ல வேண்டும், அடித்தபிறகு குட்டியைக் குளிரவிடக் கூடாது.

நாட்டு வைத்தியத்தை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ஆச்சிமார் சொல்வதில் மஞ்சள் பூசுவது தீங்கில்லை, ஆனால் தெள்ளு போகாது. வேப்பெண்ணெயைப் பூனைமேல் தடவினால் நக்கி விழுங்கும். தரை துடைக்கும் தண்ணீரில் கலப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பூண்டு பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கற்பூரம், மண்ணெண்ணெய், பினாயில் மூன்றும் விஷம். சாம்பிராணிப் புகையால் பூனைக்கு இருமல்தான் வரும்.

எந்த மருந்து போட்டாலும் வீட்டைப் பார்க்காவிட்டால் வீண். பூனைமேல் தெரியும் தெள்ளு மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான் என்பது கணக்கு. மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பட்டாசல் மூலையில், கட்டிலடியில், பூனை படுக்கும் சாக்கில் கிடக்கிறது. கூட்டுக்குள் இருப்பதை மருந்து எட்டாது; அது மாதக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடமாட்டம் தெரிந்ததும் வெளியே வரும். ஒரு சொட்டு மருந்து போட்டதும் "கேக்கலை" என்று விட்டுவிடாமல் மூன்று மாதமாவது தொடரச் சொல்வது இதனால்தான். இங்கே நமக்கு ஒரு வசதி, நம்மூர் வெயில். முட்டையும் புழுவும் ஈரமும் நிழலும் இல்லாமல் பிழைக்காது. சாக்கையும் துணியையும் வெந்நீரில் அலசி மொட்டைமாடியில் காயப்போடுங்கள். மழைக்காலத்தில் அது முடியாது என்பதால், பெருக்கிய குப்பையை அன்றன்றே எரித்துவிடுங்கள்.

புழு மருந்தில் தேர்வு எளிது. பைரன்டெல் திரவம் உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும். தாய்ப்பாலிலேயே உருளைப்புழு குட்டிக்கு வந்துவிடுவதால் 3 வார வயதில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பால் மறக்கும்வரை கொடுக்க வேண்டும். வளர்ந்த பூனைக்குப் பைரன்டெலும் பிராசிகுவான்டலும் சேர்ந்த மாத்திரை; பிராசிகுவான்டல்தான் நாடாப்புழுவுக்கு. வெளியே திரியும் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மாட்டுக்கு வாங்கும் ஃபென்பென்டசோல் பூனைக்கும் பயன்படும்தான், ஆனால் பல நாள் தொடர வேண்டும், தெள்ளுவழி நாடாப்புழுவுக்குக் கேட்காது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோலை உடைத்துப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். பூனையின் எலும்பு மஜ்ஜையை அது பாதிக்கும்.

தெருப்பூனைக்கு இந்தக் கணக்கெல்லாம் மாறும். கையில் பிடிபடாத பூனைக்குச் சிறந்த மருந்து எது என்பதைவிட, எதை உள்ளே அனுப்ப முடியும் என்பதுதான் கேள்வி. பிராசிகுவான்டல் கசக்கும், பொடித்துக் கலந்தால் நுரை தள்ளித் துப்பிவிடும். உடைக்காமல் சாளை மீன் சதைக்குள் பொதிந்து, முதலில் வெறும் துண்டு ஒன்று, அடுத்து மருந்துத் துண்டு, உடனே இன்னொரு வெறும் துண்டு என்று போட்டால் விழுங்கிவிடும். ஒவ்வொரு பூனைக்கும் தனியாக வைக்க வேண்டும், இல்லையென்றால் குண்டுப் பூனை மூன்று மாத்திரையைத் தின்றுவிடும். பழகிய பூனை என்றால் தின்றுகொண்டிருக்கும்போதே பிடரியில் சொட்டு விட்டுவிடலாம். கருத்தடைக்குப் பிடிக்கிற அன்று மருந்தும் போடச் சொல்லுங்கள். சில பூனைகள் வாழ்நாளில் அந்த ஒருநாள்தான் கையில் கிடைக்கும்.

வளவுக்குள் வீடு கட்ட மணல் கொட்டியிருந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பூனை அதைத்தான் கக்கூஸாக்கும், பிள்ளைகளும் அங்கேதான் விளையாடும். உருளைப்புழு முட்டை மண்ணில் சில வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்து, வருஷக்கணக்கில் கிடக்கும். பிள்ளை வயிற்றுக்குள் போனால் அதன் குஞ்சு கண்வரைக்கும் போகக்கூடும். கொக்கிப்புழுக் குஞ்சு வெறுங்காலைத் துளைத்து நுழையும்.

மலப் பரிசோதனையா, கேட்காமலே மாத்திரையா என்றால், வீட்டுப்பூனைக்கு வருஷம் ஒருமுறையாவது பரிசோதனை நல்லது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். அன்றைய மலமாக இருக்கட்டும். நாடாப்புழு முட்டை மலத்தில் பெரும்பாலும் சிக்காது, துண்டுதான் வெளியே வரும். வாலடியில் அரிசி தெரிந்தால் அதையும் ஒரு சின்ன பாட்டிலில் எடுத்துப்போங்கள், டாக்டர் பார்த்ததும் சொல்லிவிடுவார்.