கருப்புத் திரை வேண்டும், வில்லங்கம் வேண்டாம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் காக்கா ஒருவர் (முஸ்லிம் பெரியவர்களை அண்ணன் முறையில் இப்படிக் கூப்பிடுவோம்) தன் கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் கணினிக் கடைக்கு வந்தார். கேபினட்டைக் கழற்றினால் உள்ளே உப்புக்காற்று குடித்தனம் நடத்தியிருக்கிறது. பிரிண்டர் போர்ட்டில் பச்சைக் களிம்பு, மதர்போர்டில் இரண்டு கெப்பாசிட்டர்கள் வயிறு வீங்கிப்போய் நின்றன. ரேமை எடுத்துப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துப் போட்டதும் ஒருவழியாக உயிர் வந்தது. கருப்புத் திரை, அதில் ஃபாக்ஸ்ப்ரோ 2.6 என்ற பழைய தரவுத்தள மென்பொருள். எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் போனது, யார் எவ்வளவு பாக்கி என்று இருபது வருடத்துக்கு மேலான கணக்கு.

"தம்பி, மிஷினை மாத்திக்க. ஆனா இதே கருப்புத் திரைதான் வேணும். என்னை மவுஸைத் தொட வச்சுறாதே" என்றார். துபாயில் இருக்கும் மகன் போனில் இன்னொன்று சேர்த்தார்: எதைப் போட்டாலும் லைசென்ஸோடு இருக்க வேண்டும், கள்ளக் காப்பி கூடாது.

இடம் வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, அதையே கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்களான ஓ.எஸ்-களுக்கும் செய்தேன்.

முதலில், கருப்புத் திரையில் கட்டளை தட்டி ஓட்டும் அசல் எம்.எஸ்.டாஸ். இதன் மூலப்பத்திரமே தகராறில்தான் தொடங்குகிறது. சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் 1981-ல் மொத்தம் 75,000 டாலருக்கு வாங்கியது. விற்றவர்கள் பிறகு வழக்குப் போட்டு, 1986-ல் 9,25,000 டாலர் வாங்கிக்கொண்டு சமாதானம் ஆனார்கள். விற்றதைவிடச் சமாதானத்தில் கிடைத்தது பன்னிரண்டு மடங்கு! போட்டிக்கு வந்த டி.ஆர்.டாஸ் கதை வேறு. விண்டோஸ் 3.1-இன் சோதனைப் பதிப்பை அதன்மேல் ஓட்டினால் வேண்டுமென்றே ஒரு பிழைச் செய்தி வரும்படி மைக்ரோசாஃப்ட்காரர்கள் எழுதி வைத்திருந்தார்கள். டி.ஆர்.டாஸைப் பின்னால் வாங்கிய கால்டெரா என்ற நிறுவனம் 1996-ல் வழக்குத் தொடுத்தது, 2000-ல் மைக்ரோசாஃப்ட் பணம் கொடுத்து முடித்தது. இந்தக் கால்டெரா என்ற பெயரை நினைவில் வையுங்கள்.

இன்று டாஸின் 1.25, 2.0, 4.00 பதிப்புகளின் மூலநிரலை மைக்ரோசாஃப்டே திறந்து விட்டுவிட்டது. இதில் 4.00 வந்தது 2024-ல். ஆனால் காக்கா பழகியது 6.22. அது இந்தப் பட்டியலில் இல்லை. ஆக, பரணில் கிடந்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், கூடத்தில் இருப்பதைத் தரவில்லை.

டாஸ் போலவே ஓடும் இலவச ஓ.எஸ்-ஸான ஃப்ரீடாஸ் இந்த வகையில் சுத்தமான பட்டா. எம்.எஸ்.டாஸுக்கு இனி எதிர்காலம் இல்லை என்று தெரிந்த 1994-ல் ஜிம் ஹால் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கியது. யாருடைய நிரலையும் தொடாமல் தாமாகவே எழுதினார்கள். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இதை வேறு விதத்தில் தெரியும்: விலை குறையட்டும் என்று 'டாஸ் லேப்டாப்' வாங்குவோம், சி:\ என்று ஒரு வரி கண்ணைச் சிமிட்டும், அரை மணி நேரத்தில் யாராவது அதை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுத் தருவார்கள். ஒருநாள்கூட வாழவிடாத பாவம். என் சிக்கல் பிரிண்டர். காக்காவுக்குக் கார்பன் வைத்து மூன்று காப்பி எடுக்கும் டாட் மேட்ரிக்ஸ் வேண்டும். யு.எஸ்.பி. பிரிண்டரை டாஸுக்குப் புரியவைப்பது பெரும்பாடு. போதாததற்குப் புது மதர்போர்டுகள் பலவற்றில் கணினியைத் தொடக்கி வைக்கும் பழைய பயாஸ் முறையே இல்லாததால் ஃப்ரீடாஸ் பூட் ஆகாது.

விண்டோஸ் எக்ஸ்.பி.? திரையில் வரும் அந்தப் பச்சை மேட்டைப் பார்த்தால் எனக்கே ஏக்கம்தான், ஆனால் 2014 ஏப்ரல் 8-ஓடு ஆதரவு நின்றுபோன வீட்டில் குடியேற முடியாது. அதே சாயலில் சொந்தமாக எழுதப்படும் ரியாக்ட்ஓஎஸ் மீது, விண்டோஸைப் பிரித்துப் பார்த்து எழுதிய வரிகள் இருக்கின்றன என்று 2006-ல் புகார் கிளம்பியது. அவர்கள் நிரல் முழுவதையும் தாங்களே தணிக்கை செய்ய உட்கார்ந்தார்கள். நேர்மையான வேலை, ஆனால் இன்னமும் ஆல்ஃபா என்ற தொடக்கச் சோதனை நிலையைத் தாண்டவில்லை. பி.ஓ.எஸ். என்ற பழைய ஓ.எஸ்-இன் வாரிசான ஹைக்கூ அழகு. ஐஸ் கணக்குக்கு ஆகாது, அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது, யூனிக்ஸ் என்ற பழைய ஓ.எஸ்-இன் மாதிரியில் புதிதாக எழுதப்பட்ட லினக்ஸ். இங்கேதான் பெரிய வில்லங்கம் நடந்தது. தொண்ணூறுகளில் நம் வங்கிக் கிளைகள் பலவற்றில் ஓடிய எஸ்.சி.ஓ. யூனிக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? யூனிக்ஸ் வியாபாரத்தை 1995-ல் நாவெல் என்ற நிறுவனம் அந்த எஸ்.சி.ஓ. நிறுவனத்துக்கு விற்றது. 2001-ல் அது கால்டெரா குடும்பத்துக் கிளை ஒன்றின் கைக்கு வந்தது. அந்தக் கிளை தன் பெயரையே எஸ்.சி.ஓ. குழுமம் என்று மாற்றிக்கொண்டது. டாஸுக்காக வழக்காடிய அதே வம்சம். 2003-ல் இவர்கள் ஐ.பி.எம். மீது நூறு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள், பிறகு அதை ஐந்நூறு கோடியாக ஏற்றினார்கள். லினக்ஸில் எங்கள் சொத்து இருக்கிறது என்று சுமார் 1,500 நிறுவனங்களுக்குக் கடிதம் போனது. லினக்ஸ் ஓட்ட ஒரு பிராசசருக்கு 699 டாலர் என்று கட்டணமும் அறிவித்தார்கள்.

அப்போது நாவெல் குறுக்கே வந்து, நிலம் விற்றோம், கிணற்றை விற்கவில்லை என்றது. 1995 ஒப்பந்தத்தைப் புரட்டினால், விற்காதவை என்ற பட்டியலில் பதிப்புரிமைகள் எழுதியிருந்தன. அடுத்த வருடம் போட்ட ஒரு திருத்தத்தின் வாசகத்தை வைத்து எஸ்.சி.ஓ. மல்லுக்கு நின்றது. 2007 ஆகஸ்டில் நீதிபதி நாவெல் பக்கம் சொன்னார். அடுத்த மாதமே எஸ்.சி.ஓ. திவால் மனு. மேல்முறையீட்டில் வழக்கு திரும்பி வந்து, 2010-ல் ஜூரியும் பதிப்புரிமை நாவெலுக்கே என்றது. ஐ.பி.எம். வழக்கு மட்டும் 2021 வரை இழுத்து, 1.425 கோடி டாலரில் முடிந்தது. கேட்ட ஐந்நூறு கோடியோடு இதை ஒப்பிட்டால் சிரிப்புதான் வரும்.

என்னைக் கேட்டால் இத்தனை கோர்ட்டு பார்த்ததால்தான் லினக்ஸ் பாதுகாப்பு. தோண்டித் துருவிப் பார்த்தும் எந்த வில்லங்கமும் நிலைக்கவில்லை. அதனால் காக்காவுக்கு லினக்ஸ் போட்டு, அதற்குள் டாஸ் நிரல்களை ஓட்டித் தரும் டோஸெமு2 வழியாக ஃப்ரீடாஸை ஓடவிட்டேன். அச்சு வேலையை லினக்ஸ் பார்த்துக்கொள்கிறது. கணினியைப் போட்டதும் நேராகக் கருப்புத் திரை.

இடம் சுத்தம், சரி. அதன்மேல் இருக்கும் வீடு ஃபாக்ஸ்ப்ரோ ஆயிற்றே? அதுவும் வழக்கு கண்டதுதான். டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருள் எங்களுடையது, ஃபாக்ஸ் நிறுவனம் அதைக் காப்பி அடித்தது என்று ஆஷ்டன்-டேட் நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. டிபேஸே நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தின் நிரல் ஒன்றிலிருந்து வந்தது, அதை மறைத்திருக்கிறீர்கள் என்று நீதிபதி 1990 டிசம்பரில் அவர்களின் உரிமையையே செல்லாததாக்கினார். சில மாதங்களில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார். அந்த வழக்கு முடிந்து 1992-ல் ஃபாக்ஸை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இன்றும் அது அவர்களுடையதே. லைசென்ஸ் கேட்டபோது காக்கா வீட்டுப் பீரோவைத் திறந்து, பத்திரக் கட்டுக்கு அடியிலிருந்து அசல் பெட்டியை எடுத்துவந்தார். ஃப்ளாப்பிகள், லைசென்ஸ் தாள், பில் எல்லாம் உள்ளே இருந்தன.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன, கம்பெனியில் கூட்டம் இல்லை. ஜூன் 14 வரை பழைய மிஷினையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாட்டுப்படகுகளுக்குப் போகும் ஐஸை இரண்டிலும் ஏற்றிப் பார்க்கிறோம். இதுவரை ஒரே ஒரு நாள் கணக்கு இடித்தது. இரண்டு மிஷினும் ஒரே தொகையைத்தான் காட்டின. தப்பு காக்காவின் கைநோட்டில்.