விடிய விடியக் கூத்தைப் படம்பிடிக்க எந்தக் கேம்கார்டர்?

செய்யாறு பக்கம் எங்கள் ஊரில் பாரதக் கூத்து ராத்திரி பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடக்கும். மாமா அதில் முகவீணை (சின்ன நாதஸ்வரம் போன்ற குழல்) வாசிக்கிறார். அவருக்குப் பிறகு அந்தக் கருவியை எடுக்க எங்கள் வீட்டில் ஆளில்லை. அதனால் முழுக் கூத்தையும் ஒரு காட்சி விடாமல் பதிந்து வைத்தே ஆகவேண்டும் என்று கேம்கார்டர் தேட ஆரம்பித்தேன். கைபேசி இவ்வளவு நேரம் தாங்காது. புகைப்படத்துக்கான ஸ்டில் கேமராக்களில் பழையவை பலவும் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். அரை மணிக்குமேல் பதியும் கருவிக்கு ஐரோப்பாவில் அப்போது சுங்கவரி கூடுதலாக இருந்ததால் வைத்த வரம்பு அது. நமக்கு அதனால் அபிமன்யு வதை பாதியில் அறுந்துபோகும்.

மூன்றை ஒப்பிட்டேன்: சோனி எச்.டி.ஆர் சி.எக்ஸ்405, பானாசோனிக் எச்.சி வி180, கேனன் லெக்ரியா எச்.எஃப் ஆர்806. மூன்றும் 1920x1080 முழு எச்.டி. மூன்றுமே சில வருடங்களுக்கு முந்தைய மாதிரிகள் என்பதால், பழைய கேமரா விற்கும் கடைகளில் தேடுவதுதான் வழி. கடைக்குப் போனால் சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். கடையின் இருட்டு மூலையை எடுத்து, வீட்டில் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

விற்பவர்கள் முதலில் சொல்வது ஜூம். லென்சே இழுத்துக் காட்டும் ஆப்டிகல் ஜூம் சோனியில் 30 மடங்கு, கேனனில் 32, பானாசோனிக்கில் 50. சோனியில் 350 என்றும் ஒரு எண் சொல்வார்கள். அது டிஜிட்டல் ஜூம், படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. இரவுக் கூத்துக்கு ஆப்டிகல் ஜூமைக்கூட நம்பி வாங்காதீர்கள். இந்த லென்சுகள் விரிந்த நிலையில் எஃப்1.8 (லென்சின் திறப்பளவு; எண் கூடினால் வெளிச்சம் குறையும்); முழுக்க ஜூம் செய்தால் எஃப்4 அல்லது அதற்கும் மேலே போய்விடும். அதாவது உள்ளே வரும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிறது. வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் ஏற்கெனவே மிகச் சிறியது (சோனி, பானாசோனிக் இரண்டிலும் 1/5.8 அங்குலம், கேனனில் 1/4.85). அதில் வெளிச்சமும் குறைந்தால் துச்சாதனன் முகத்து அரிதாரம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத்தான் வரும். கேமராவைக் கூத்தாடும் களரிக்குப் பக்கத்தில் கொண்டுபோவதே வழி.

பக்கத்தில் போனால் அகலம் வேண்டும். அதில் சோனிதான் முதல்: 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 26.8 மி.மீ. (எண் குறைந்தால் அகலம் கூடும்); பானாசோனிக் 28. கேனன் 38.5தான். மர அணிகலன் பூண்ட கட்டை வேஷக்காரர் கிறுகிறுவென்று சுற்றி ஆடும்போது கேனனின் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) முழுக் களரியும் அடங்காது. சில அடி பின்னால் தள்ளி உட்கார வேண்டும், அங்கே ஜனம் உட்கார்ந்திருக்கும். இது உண்மையான குறை.

இருந்தும் என் ஓட்டு கேனனுக்கு. காரணம் சத்தம். இந்த மூன்றில் வெளி மைக் செருகும் துளை அதில்தான் இருக்கிறது. ஹெட்போன் மாட்டிக் கேட்கவும் முடியும். கூத்தில் பாதி உயிர் பின்பாட்டில் இருக்கிறது. ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் பின்னால் பெஞ்சில் இருக்க, கேமரா முன்னால் குழந்தைகளுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இருக்கும். உள் மைக் அருகில் இருப்பதைத்தான் முதலில் கேட்கும். நீளமான வயரில் ஒரு மைக்கைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நட்டால் முகவீணையின் மூச்சு வரை பதியும். மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து நேராக வயர் இழுத்தால் மட்டும் கவனம்: அந்த லைன் சத்தம் மைக் துளைக்கு மிக அதிகம், உடைந்து கேட்கும். அளவைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் வயர் நடுவில் வேண்டும். கேனனில் ஸ்பாட்லைட் என்றொரு காட்சித் தேர்வும் உண்டு. கறுத்த பின்னணியில் போகஸ் விளக்கு பட்ட முகம் வெளுத்துப்போகாமல் காக்க அது உதவும்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வாங்கி வருகிறேன் என்றால் யோசியுங்கள். அங்கே கேனனின் இதே வரிசை விக்சியா என்ற பெயரில் வந்தது, விநாடிக்கு 60 சட்டக் கணக்கில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டின்கீழ் படம் துடிக்கும். இங்கே 50 சட்டம் பதியும் லெக்ரியாவே சரி.

கார்டுக் கணக்கும் பாருங்கள். கேனனின் 28 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு மெகாபிட்) தரத்தில் மணிக்கு 12.6 ஜி.பி.; எட்டு மணிநேரத்துக்கு நூறு ஜி.பி.யைத் தொடும். 128 ஜி.பி. கார்டு ஒன்று போதும். சோனியின் எக்ஸ்.ஏ.வி.சி எஸ் என்ற பதிவு முறையில் 50 எம்.பி.பி.எஸ். எனில் அதுவே 180 ஜி.பி. ஆகும், அதற்கு மைக்ரோ எஸ்.டி.எக்ஸ்.சி கார்டும் தேவை.

பகல் நிகழ்ச்சி, கல்யாணம், பள்ளி ஆண்டுவிழா என்றால் கையடக்கமான சோனியே போதும். தூரத்து மேடையை நல்ல வெளிச்சத்தில் எடுப்பவருக்குப் பானாசோனிக். ராத்திரிக் கூத்துக்குக் கேனனும், கூடவே ஒரு நல்ல மைக்கும், விடியும்வரை தாங்க, கோயில் கரண்ட் லைனில் செருக அடாப்டரும்.